இருபத்தோராம் தேதி பேப்பர் கிடையாது

ஆழ்வார்திருநகரி,
அக்டோபர் 13, திங்கள்

அன்புள்ள மாலினிக்கு,

அன்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே உறையில் போட்டிருக்கிறேன். எது முதலில் கையில் வருகிறதோ அதை முதலில் படி.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னோடு பேச எனக்குத் தெம்பில்லை. கல்யாணமாகி நாற்பத்தாறு நாளில் நீ என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை ‘ஒரு நிமிஷம்’. அந்த ஒரு நிமிஷத்தில் தீயணைப்பு நிலையம், மீன்வளத் துறை, வியாபாரிகள் சங்கத் தலைவர் என்று மூன்று பேரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் ‘சொல்லுங்க சார்’ என்கிறாய். நான் உன் புருஷன் என்பது இரண்டாவது வாக்கியத்தில்தான் உனக்கு நினைவு வருகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரை நான்தான் பேசுவேன்.

சனிக்கிழமை நடந்ததை எழுதி வைக்கிறேன். மாலை 5.10: ஜவுளிக் கடை இரண்டாவது மாடி. தலை தீபாவளிப் புடவை. 5.25: உன் போன். பைபாஸில் உப்பு லாரி கவிழ்ந்துவிட்டது. 5.26: ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன், ராம்.’ 8.40: கடையைச் சாத்தினார்கள். நடுவே அந்த மூன்றேகால் மணி நேரம் நான் தனியாக உட்கார்ந்து உனக்குப் புடவை பார்த்தேன். ‘அக்கா என்ன கலர் அண்ணாச்சி?’ என்று கடைப் பெண் கேட்டாள். போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். அதில் நீ ஹெல்மெட்டும் பச்சை மழைக்கோட்டுமாக இருந்தாய். அவள் அதற்குப் பொருத்தமாகப் பச்சை எடுத்துக் கொடுத்தாள்.

அதனால்தான் ஞாயிறு காலை கோபித்துக்கொண்டு கிளம்பினேன். என் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் அண்ணன் வீட்டில். சாகுபுரத்து ஆலைக்குப் பக்கமாக எனக்குத் தெரிந்த வீடு உன் அப்பா வீடுதான். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் என் ஆய்வகம். தீபாவளி வரைக்கும் இங்கேதான்.

உங்கள் பேப்பர் ஏஜென்ட் பாண்டியராஜன் அண்ணாச்சியிடம் இதைக் கொடுக்கிறேன். விடியற்காலை கட்டு இறக்க வரும் வேனில் டிரைவர் கிருபை எடுத்து வந்து உன்னிடம் தருவார்.

ஒன்று மட்டும் யோசி. உங்கள் ஆசிரியர் ஹென்றி சார், நிருபர் வேலைக்குப் பதிலாக உனக்கு இணைப்பிதழ் டெஸ்க் தருவதாகச் சொன்னாரே. பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வரும் வேலை. தீபாவளிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். என் பதில் உனக்குத் தெரியும்.

ராம்


தூத்துக்குடி,
அக்டோபர் 14, செவ்வாய்

அன்புள்ள ராம்,

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது பெண்டாட்டிகளின் உரிமை. நீ கோபித்துக்கொண்டு என் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாய். இனிமேல் எனக்குக் கோபம் வந்தால் நான் எங்கே போவேன், சொல்லு? பெங்களூரில் உன் அண்ணன் வீட்டுக்கா?

அம்மா போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு குஷி. ‘மாப்பிள்ளை ரசம் ரெண்டு தரம் கேட்டு வாங்கிண்டார்டி, உங்க அப்பா நாற்பது வருஷத்துல ஒரு தரம் கேட்டதில்லை’ என்கிறாள். சண்டை போட்டுவிட்டுப் போன மனுஷனை இப்படித் தாங்கினால் அவன் எப்படித் திரும்பி வருவான்?

உப்பு லாரி விஷயம். மூன்றேகால் மணி நேரம் உன்னை உட்கார வைத்தது தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன், வளைத்து நெளித்து எல்லாம் இல்லை. ஆனால் அங்கே போனது தப்பில்லை. கொட்டின உப்பில் மழை பெய்து ரோடு முழுக்கச் சேறு. பின்னால் வந்த இரண்டு பைக் வழுக்கிவிட்டது. போலீஸ் வருகிறவரை நானும் ஒரு டீக்கடை அண்ணாச்சியும் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தோம். உனக்குப் போன் பண்ணாமல் விட்டது அந்த அவசரத்தில்தான்.

இந்த வாரம் எப்படி ஓடுகிறது என்று நீயும் தெரிந்துகொள். காலையில் பட்டாசுக் கடை உரிமம். பிறகு பஸ் ஸ்டாண்டில் சிறப்புப் பேருந்து. மத்தியானம் பள்ளமான தெருக்களில் தேங்கின மழைத் தண்ணீர். சாயங்காலம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று ஒரு எட்டு. மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றும் தோணிக்காரர்களிடம் ஒரு பேச்சு. தீபாவளி என்றால் ஊருக்கெல்லாம் லீவு, எங்களுக்கு அன்றைக்கு ஒரு நாள்தான். அன்று ஆபீஸ் மூடுவதால் மறுநாள் பேப்பர் கிடையாது. அந்த ஒரு நாளை நான் உனக்குத்தான் வைத்திருக்கிறேன்.

டெஸ்க் பற்றிக் கேட்டாய். எனக்கு வேண்டாம். கோலப் போட்டிக்கும் சமையல் குறிப்புக்கும் பக்கம் போட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாய்.

பச்சைப் புடவை எனக்குப் பிடித்த கலர்தான். அந்தக் கடைப் பெண்ணுக்கு என் நன்றி.

மாலினி


ஆழ்வார்திருநகரி,
அக்டோபர் 16, வியாழன்

மாலினி,

தலையாட்டினேன், மறுக்கவில்லை. அப்போது உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் நீ என்ன சொன்னாய் என்று காதில் விழவில்லை.

ஒரு பந்தயம் வைப்போம். நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். வாய்ப்பேச்சை நம்ப மாட்டேன், சோதித்துப் பார்த்துத்தான் நம்புவேன். இருபதாம் தேதி திங்கள் விடியற்காலை நான்கரை மணிக்கு உன் அம்மா எண்ணெய் காய்ச்சுவார். இரண்டு மணை போட்டு நம்மை உட்கார வைப்பதாக ஏற்பாடு. நீ என் பக்கத்து மணையில் உட்கார்ந்துவிட்டால் டெஸ்க் என்ற சொல்லை நான் ஆயுசுக்கும் எடுக்க மாட்டேன். வரவில்லை என்றால் நீ டெஸ்க்கை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்மதமா?

உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, ‘எங்க மாலினி பந்தயத்துல தோத்ததே இல்லை, நீங்க மாட்டிண்டுட்டேள்’ என்றார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் சொன்னால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பயம் எதற்கு என்று கேட்காதே. நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

ராம்


தூத்துக்குடி,
அக்டோபர் 17, வெள்ளி

ராம்,

சம்மதம். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு ஆபீஸ் மூடும். எட்டு மணிக்கெல்லாம் பஸ்ஸில் இருப்பேன். அம்மாவிடம் என் மணையைத் துடைத்து வைக்கச் சொல். லேகியத்தில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக.

இன்று ஒரே ஓட்டம். தீபாவளி அன்றைய பேப்பரில் தலை தீபாவளி ஜோடிகளுக்கு அரைப் பக்கம். நாளைக்கே பக்கம் முடித்து அனுப்ப வேண்டும். பண்டிகைச் செய்தியெல்லாம் பண்டிகைக்கு முன்னாலேயே எழுதிவிடுவோம். ‘கொண்டாடினர்’ என்று எழுதும்போது யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள். படிக்கும்போது எல்லோரும் கொண்டாடிவிடுவார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை, கொஞ்சம் முந்திக்கொண்ட உண்மை, அவ்வளவுதான். நான்கு ஜோடி வேண்டும். மூன்று கிடைத்துவிட்டது. நாலாவது பெண் போட்டோவுக்கு வெட்கப்பட்டு ஓடிவிட்டாள். ஹென்றி சார் என் தலைமேல் நிற்கிறார். எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

ஆறு வருஷத்தில் என் பெயர் போட்டு வந்த செய்திக்கு ஒரு திருத்தம் வந்ததில்லை. பந்தயத்திலும் அப்படித்தான். தயாராக இரு.

மாலினி


தூத்துக்குடி,
அக்டோபர் 19, ஞாயிறு மாலை

ராம்,

என்னால் வர முடியவில்லை.

நேற்றுக் காலை மூன்று பேர் பைபர் படகில் மீன் பிடிக்கப் போனார்கள். நேற்று மத்தியானமே திரும்பியிருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. போன் கிடைக்கவில்லை. காற்று பலமாக இருக்கிறது. மற்ற படகுகள் தேடிப் போய் வெறுங்கையாகத் திரும்பின. மூன்று பேரில் ஜெர்சன் என்பவரின் மனைவி விஜிலா காலையிலிருந்து கரையிலேயே நிற்கிறாள். அவளுக்கும் இப்போதுதான் கல்யாணமாகியிருக்கிறது. வைகாசியில்.

நான் ஏழு மணிக்குக் கிளம்புவதற்காகப் பையோடுதான் அங்கே போனேன். ஹென்றி சார், ‘நாளைக்கழிச்சு பேப்பரே இல்லம்மா, நீ நின்னு என்ன பண்ணப் போற? கிளம்பு’ என்றார். நியாயம்தான். நாளைய பேப்பரை முடித்தாயிற்று, இனி புதன்கிழமைதான் செய்தி வரும். கிளம்பித் திரும்பினேன். விஜிலா என் பையைப் பிடித்துக்கொண்டாள்.

‘ஏளா, நீயும் போயிட்டன்னா நாங்க யார்கிட்டளா கேக்க? நாங்க பண்ணுனா ஆபீசுல போன எடுக்கவே மாட்டேங்காவ. நீ பண்ணுனாத்தான் எடுத்துப் பதில் சொல்லுதாவ’ என்றாள்.

அது உண்மை. லீவு நாள் என்பதால் மீன்வளத் துறை, துறைமுகம் என்று பாதி ஆபீஸில் ஆளில்லை. இருக்கிற ஆளும் செய்தியாளர் என்று பேர் வந்தால்தான் எடுக்கிறார். நீ இந்த இரண்டு மாசமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாயே, அந்தப் போனைத்தான் இந்தப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு நான் எப்படி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருவேன்?

பந்தயம் நினைவிருக்கிறது. தோற்றால் தோற்றதுதான், வார்த்தையை மாற்ற மாட்டேன். ஆனால் உன் பக்கத்து மணையில் உட்கார முடியாமல் போனதற்கு எனக்கு அழுகை வருகிறது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.

மாலினி


ஆழ்வார்திருநகரி,
அக்டோபர் 20, தீபாவளி, காலை 6.30

மாலினி,

இன்று காலை பேப்பர் கட்டுக்குள் உன் கடிதமும் வந்தது. நான் செய்த தப்பு, முதலில் பேப்பரைப் பிரித்ததுதான்.

ஆறாம் பக்கம். ‘எங்களுக்கு இது தலை தீபாவளி!’ நான்காவது ஜோடி: ராம், மாலினி. நம் ரிசப்ஷன் போட்டோ. கீழே நான் பேசியிருக்கிறேன்: ‘விடியற்காலையில் இருவரும் அருகருகே மணையில் உட்கார்ந்தோம். மாமியார் எண்ணெய் வைத்தார். மாலினியின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் மத்தாப்பைக் கொளுத்தினேன். இந்த நாளை மறக்கவே முடியாது’ என்று ராம் பூரிப்புடன் தெரிவித்தார்.

இதைப் படித்தபோது நான் ஒற்றை மணையில் உட்கார்ந்திருந்தேன். தலையில் எண்ணெய். பக்கத்து மணையில் உன் பச்சைப் புடவை மட்டும். பூரிப்பு ஒரு சொட்டும் இல்லை.

பேப்பரைப் பார்த்துவிட்டுத் தெருவே உன்னைப் பார்க்க வந்துவிட்டது. உன் அம்மா வாசலில் நின்று, ‘மாலினி குளிச்சிண்டிருக்கா’ என்று இதுவரை பதினோரு பேரிடம் சொல்லிவிட்டார். பொய் சொல்ல வராத உன் அப்பா பெருமாள் சேவிக்கக் கோயிலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. நீ இரண்டு மணி நேரமாகக் குளிக்கிறாய் என்று ஊர் பேசிக்கொள்கிறது.

எனக்குக் கோபம், மாலினி. வராததற்கு இல்லை. நடக்காததை நான் சொன்னதாக அச்சிட்டதற்கு. திருத்தம் போடு. பந்தயத்திலும் நீ தோற்றாய். இரண்டும் உனக்குத் தெரியும்.

அப்புறம்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

நானே வந்துவிடுவேன். ஆனால் ஆலைக்குத் தீபாவளி தெரியாது, மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட். கிருபை கிளம்ப அவசரப்படுத்துகிறார். நேராகக் கரைக்கே வந்து உன்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தூக்கில் இட்லியும் லேகியமும் இருக்கிறது, விஜிலாவுக்கும் கொடு. துணிப்பையில் என் பவர் பேங்க். முழுக்க ஏற்றியிருக்கிறேன். போனை அணைய விடாதே.

ஜெர்சன் கிடைத்ததும் எனக்குச் சொல்.

ராம்


தூத்துக்குடி – ஆழ்வார்திருநகரி பஸ்,
அக்டோபர் 21, செவ்வாய், விடியற்காலை

ராம்,

பஸ் குலுங்குகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். இன்று பேப்பர் இல்லை, அதனால் வேனும் இல்லை. இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கப் போகிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் யாராவது குறுக்கே வருவார்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

கிடைத்துவிட்டார்கள் என்று உனக்கு நேற்று மெசேஜ் போட்டேன். எப்படி என்று சொல்லவில்லை. தேடுகிற கடலோரக் காவல் படைக் கப்பல் தெற்கே போயிருந்தது. எனக்குத் தோணிக்காரர்கள் நினைவு வந்தது. மாலத்தீவிலிருந்து திரும்புகிற தோணிகள், காற்று படகைத் தள்ளியிருக்கும் பக்கமாகத்தான் வரும். தோணிச் சங்கத்தில் வயர்லெஸ் பார்க்கும் அம்புரோஸ் அண்ணாச்சி பண்டிகைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவரைப் பிடிக்கப் பதினாறு போன் கால். பத்தாவது காலில் என் போன் செத்துவிட்டது. அப்போதுதான் கிருபை வந்து துணிப்பையைக் கொடுத்தார். மிச்ச ஆறு கால் உன் பவர் பேங்கில் போனது.

அண்ணாச்சி ஆபீஸைத் திறந்து தோணிகளுக்குச் சொன்னார். மத்தியானம் ஒரு தோணி அவர்களைக் கண்டது. இஞ்சின் பழுதாகி மூன்று பேரும் மிதந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்கு வந்தார்கள். விஜிலா ஜெர்சனைக் கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அவர் முதுகில் ரெண்டு வைத்து, ‘இஞ்சினப் பாக்காமலாய்யா கடலுக்குப் போவிய?’ என்றாள். அப்புறம்தான் அழுதாள். உன் அம்மா கொடுத்த, சரி, என் அம்மா கொடுத்த லேகியத்தை மூன்று பேருக்கும் உருட்டிக் கொடுத்தேன். கடலில் மூன்று நாள் கிடந்தபோதுகூட இவ்வளவு முகம் சுளிக்கவில்லை என்றார்கள்.

இப்போது நம் கணக்கு.

உன் ஆலையின் பாய்லருக்குத் தீபாவளி தெரியாது என்றால் நீ ஷிப்டுக்குப் போகிறாய். யாரும் உன்னை டெஸ்க்குக்குப் போகச் சொல்வதில்லை. கடலுக்கும் தீபாவளி தெரியாது, ராம். இதைத்தான் நான் ஒரு மாசமாகச் சொல்ல நினைத்தேன். சொல்லும்போதெல்லாம் போன் வந்தது.

ஆனால் அந்த நான்காவது ஜோடி என் தப்பு. நாலாவது பெண் ஓடிப்போனதும், எப்படியும் நான் அங்கே இருக்கத்தானே போகிறேன் என்ற திமிரில் எழுதினேன். உன்னைக் கேட்கவும் இல்லை. ஆறு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய். திருத்தம் மூன்று வரியில் எழுதி எடுத்து வருகிறேன். இன்று சாயங்காலம் நான் ஆபீஸில் இருக்க வேண்டும், நாளைய பேப்பருக்கு அதைக் கொடுத்துவிட முடியும். என் பெயரோடு வரும். அனுப்புவதா கிழிப்பதா என்று நீ சொல். பந்தயத்தையும் நீயே தீர்த்துச் சொல். நான் தோற்றேன் என்று நீ சொன்னால் டெஸ்க்குக்குப் போவேன். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் மாலினி நீ கடையில் மூன்றேகால் மணி நேரம் காத்திருந்த மாலினியாக இருக்க மாட்டாள். அதையும் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இன்று பேப்பர் இல்லை. நாளைக் காலை புதுப் பேப்பர் வருகிறவரை வீட்டுக்கு வீடு நேற்றைய பேப்பர்தான் கிடக்கும். அதுவரை அந்தச் செய்தியை உண்மையாக்க எனக்கு நேரம் இருக்கிறது. அம்மாவை எண்ணெய் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். நீ மறுபடி ஒரு தரம் தலையைக் கொடுப்பாயா?

ஊர் எல்லை வந்துவிட்டது. பாண்டியராஜன் அண்ணாச்சி கடை மூடியிருக்கிறது. கடை வாசலில் யாரோ குடையோடு நிற்கிறார்கள்.

நீதான்.


ஆழ்வார்திருநகரி,
அக்டோபர் 22, புதன்

மதிப்பிற்குரிய செய்தியாளர் மாலினி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன், நாற்பத்தாறு நாளாக அல்ல, இப்போது ஐம்பத்தைந்து நாளாக. இன்று காலை கட்டு வந்ததும் முதல் பேப்பரை நானே உருவினேன். இரண்டாம் பக்க மூலையில், ‘மாயமான மீனவர்கள் மூவர் பத்திரமாகக் கரை திரும்பினர்’. ஒன்பது வரி. பதினாறு கால் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. உன் அப்பா அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 20 இதழில் ஆறாம் பக்கத்தில் என்னைப் பற்றி வந்த செய்தி தொடர்பாக:

மணையில் அருகருகே உட்கார்ந்தோம். சரி. மாமியார் எண்ணெய் வைத்தார். சரி, எனக்கு இரண்டாவது நாளாக. மாலினியின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் மத்தாப்பைக் கொளுத்தினேன் என்பதில் ஒரு சிறு பிழை உள்ளது. மத்தாப்பு மழையில் நமுத்துப்போயிருந்தது. பற்றவில்லை. ஆகவே உன் பையிலிருந்து எடுத்த ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி அதில் பிடித்தேன். நீ அம்மாவின் பக்கம் திரும்பியிருந்ததால் எது என்று கவனிக்கவில்லை. மூன்று வரி, உன் கையெழுத்து. அது நன்றாக எரிந்தது. ஆபீஸில் பையைத் துழாவியிருப்பாய், அதற்கு மன்னிப்பு.

பந்தயத்தின் தீர்ப்பு: 20ஆம் தேதி நீ மணையில் உட்கார்ந்ததாக அச்சாகியிருக்கிறது. மறுப்பு எதுவும் இன்றுவரை வெளியாகவில்லை. ஆகவே நீ ஜெயித்தாய். ஆனால் இனி ஒரு வார்த்தை நான் சொன்னதாகப் போட்டால் என்னைக் கேட்டுவிட்டுப் போடு. நீ கேட்டால் நான் பூரிப்புடனேயே தெரிவிப்பேன்.

உன் அப்பா வீட்டில் ரசம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷிப்ட் முடிந்ததும் இன்று தூத்துக்குடி பஸ் ஏறுகிறேன். ஏழரை மணிக்கு வீட்டில் இருப்பேன். நீ வர நேரமானால் சோறு வடித்து வைக்கிறேன். போன் பண்ண வேண்டாம். பண்ணினாலும் ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டு மற்ற போனை எடு. நான் லைனில் இருக்கிறேன்.

பவர் பேங்கைத் திருப்பித் தர வேண்டாம். அது உனக்குத்தான்.

இப்படிக்கு,
பூரிப்புடன்,
ராம்